எழுபத்தோராவது நிமிடம்

ஜனவரி 4, ஞாயிறு

நடுவர் தேர்வுக்குப் போகிறவன் நாட்குறிப்பு வைத்திருக்க வேண்டும் என்று பாஸ்கர் அண்ணன் சொல்லிவிட்டார். எங்கள் வட்டார லீக்கில் எந்த ஆட்டத்துக்கு யார் நடுவர் என்று முடிவு செய்கிறவர் அவர். "எந்த நிமிஷத்துல என்னா குடுத்த, ஏன் குடுத்த, எல்லாம் எழுதுடா. அங்க போனா கேப்பாங்க" என்றார். தேர்வு ஏப்ரலில். தேறினால் வெளிமாநில ஆட்டங்கள் கிடைக்கும்.

விவரம்: தணிகைவேல், வயது 33, பெரம்பூர். மின்வாரியத்தில் கணக்கீட்டாளர், வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதும் வேலை. எட்டு ஆண்டுகளாகக் கால்பந்து நடுவர்.

இன்று எனக்கு ஆட்டம் இல்லை. ஜாலி ஃப்ரெண்ட்ஸ் அணிக்கு இருந்தது. அதாவது நிரோஷாவுக்கு இருந்தது.

நிரோஷா பிசியோதெரபிஸ்ட். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடைத்தசை பிடித்துக்கொண்டு அவளுடைய கிளினிக்குக்குப் போனேன். குப்புறப் படுக்கவைத்த பிறகுதான் கேட்டாள்: "போன வாரம் ஜாலி ஃப்ரெண்ட்ஸுக்குப் பெனால்டி குடுக்காத ரெஃப்ரி நீங்கதான?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் அழுத்திய அழுத்தம் சிகிச்சையில் சேராது. அப்படித்தான் தொடங்கியது. மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு நிச்சயதார்த்தம்.

ஒரு அணியின் ரசிகர்களோடு நடுவர் உட்காரக் கூடாது. எழுதிவைத்த விதி இல்லை. ஆனால் யாரும் மீறுவதில்லை. அதனால் இந்த இரண்டு ஆண்டுகளில் நானும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

அம்மாவுக்குத் தண்ணீர் கேன் தூக்கிவைத்தேன். இரண்டு சட்டை தேய்த்தேன். 5.40க்கு நிரோஷா அழைத்தாள். இருபத்திரண்டு நிமிடம் பேசினாள். ஜாலி ஃப்ரெண்ட்ஸ் 2-0. இரண்டு கோலையும் முதலிலிருந்து சொன்னாள். நான் சாப்பிட்டேனா என்றும் கேட்டாள்.

ஜனவரி 11, ஞாயிறு

ஜாலி ஃப்ரெண்ட்ஸ் ஆட்டம். நடுவர் வேறொருவர். நான் மற்ற நடுவர்களோடு கம்பிவேலி ஓரமாக நின்றேன்.

அந்த அணியின் எட்டாம் எண் ஆட்டக்காரரைப் பற்றிக் குறித்துவைக்க வேண்டும். பெயர் எட்வின். வயது 35. ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மனைவி, ஒரு பெண் குழந்தை. நடுக்களத்தில் ஆடுகிறவர். வேகம் இல்லை. தலையால் முட்டுவது சுமார். ஆனால் பந்து அவர் காலுக்கு வந்தால் மற்ற இருபத்தொரு பேரும் அடுத்து என்ன என்று அவரைக் கேட்டுக்கொண்டு நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. இந்தப் போட்டித் தொடரோடு ஓய்வு பெறுகிறாராம். இதை நடுவராகத்தான் எழுதுகிறேன்.

நிரோஷா மூன்றாவது படியில், மீன்கடை மாலா அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தாள். பந்து எட்வினிடம் வந்ததும் எல்லோரும் எழுகிறார்கள். அவள் பந்து வருவதற்கு முன்பே எழுகிறாள். ஒரு நொடி முன்பு, சில சமயம் ஒன்றரை நொடி. முதல் பாதியில் மட்டும் பதினேழு முறை. எழும்போது வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கைப்பை மடியிலிருந்து விழுந்தாலும் குனிவதில்லை. அந்த முகத்தைக் கடற்கரையிலோ, சினிமாக் கொட்டகையிலோ, எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா கையால் பூ வைத்துக்கொண்ட அன்றோ நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது அவள் ஸ்கூட்டர் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்தேன்.

"எட்வினுக்கு வேகம் போயிடுச்சு" என்றேன்.

"அவருக்கு எப்ப இருந்துச்சு?" என்று சிரித்தாள். "தணிகை, நீ பந்தயே பாக்க மாட்டியா? கால மட்டுந்தான் பாப்பியா?"

"கால்லதான் ஃபவுல் நடக்குது."

"எட்டு வருஷம் கிரவுண்டு நடுவுல நின்னு ஒரு மேட்ச்சும் பாக்காத மனுஷன் நீ ஒருத்தன்தான்" என்றாள். அவளுக்கு அது வேடிக்கை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நிரோஷா வாசல் கோலத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். கரும்பு, பானை, நடுவில் பெரிதாக 8. மார்ச் எட்டா, சட்டை எட்டா என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

இந்த வாரம் பணிமனைக் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள தெருக்கள். காலையிலிருந்து 112 மீட்டர். இரண்டு வீடு பூட்டு. ஒரு நாய்.

நாலாவது தெருவில் 11.20க்கு நிரோஷாவின் ஸ்கூட்டர் நின்றது. பின்சக்கர மூடியில் உள்ள கீறல் நான் போட்டது, அதனால் சந்தேகம் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கிளினிக்கில் இருக்க வேண்டியவள்.

அந்த வீட்டு மீட்டர் உள்ளே, நடையில் இருக்கிறது. கதவைத் திறந்த பெண் எட்வினின் மனைவி ஸ்டெல்லா. நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. மைதானத்துக்கு வருவதில்லையாம், பயமாம். நடையிலிருந்து அறையின் பாதி தெரிந்தது. எட்வின் பாயில் மல்லாந்து கிடந்தார். வலது முழங்கால் இளநீர்க் காய்போல் வீங்கியிருந்தது. நிரோஷா எனக்கு முதுகு காட்டி மண்டியிட்டு, அவர் குதிகாலைத் தன் தோளில் ஏற்றிவைத்துப் பிடித்திருந்தாள். "மூச்ச விடுங்க... விடுங்க... இன்னும் அஞ்சு" என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலும் எனக்குத் தெரியாத குரல்.

ஸ்டெல்லா தாழ்ந்த குரலில், "டாக்டரம்மா சார். காசுகூட வாங்க மாட்டாங்க. முட்டி சவ்வு போயிடுச்சாம், திடீர்னு மடங்கிக்குது. நீங்க வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எதிர் டீமுக்குத் தெரிஞ்சா அந்த முட்டியிலயே ஒதைப்பானுங்க" என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன். ரீடிங் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நிரோஷா திரும்பவே இல்லை.

மாலையில் கேட்டேன்: "காலைல எங்க இருந்த?"

"ஒரு பேஷண்ட் வீட்ல."

"யாரு?"

"பேஷண்ட்டு பேரக் கேக்காத தணிகை. உன் தொடையப் பத்தி நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

அவள் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. நான் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

நிச்சயப் புடவை எடுக்க மூன்று மணிக்குப் போகலாம் என்று வேண்டுமென்றே சொன்னேன். "வேண்டுமென்றே" என்ற சொல்லை எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

"மூணே முக்காலுக்கு மேட்ச் இருக்கே. காலைல பத்துக்குப் போயிடலாம்" என்றாள்.

பத்துக்குப் போனோம். பதினோரு நிமிடத்தில் புடவை எடுத்தாள். அம்மா வெளியே வந்து, "பரவால்ல, நம்ம வூட்டு மருமவ கடையில நேரம் போக்க மாட்டா" என்று சந்தோஷப்பட்டார். கடைக்காரரும் சந்தோஷப்பட்டார். நான் ஒருவன்தான் மூன்று மணி நேரம் புடவை பார்க்கும் பெண்ணுக்கு ஏங்கிக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இரண்டாம் நிலை ஆட்டம், நான் நடுவர். நிரோஷாவை வரச் சொல்லியிருந்தேன். "உன்ன பாக்கவா? ரெஃப்ரியயா?" என்றாள். வந்தாள்.

9.4 கி.மீ. ஓடினேன். மூன்று மஞ்சள் அட்டை, மூன்றும் சரி. 52ஆவது நிமிடத்தில் ஒரு தடுப்பாளர் சட்டையைப் பிடித்து இழுத்தும் எதிரணி பந்தோடு முன்னேறிவிட்டதால் விசில் ஊதாமல் ஆட்டத்தை விட்டேன். அதிலிருந்து கோல் வந்தது. அதற்கு மேல் ஒரு நடுவரால் அழகாக எதுவும் செய்ய முடியாது. திரும்பிப் படியைப் பார்த்தேன். நிரோஷா தலை குனிந்து செல்பேசியில் வேறு மைதானத்து ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும், "நல்லா ஓடுன" என்றாள். "எட்வின் அண்ணா இன்னிக்கு ரெண்டு கோலுக்கு பாஸ் குடுத்திருக்காரு."

பிப்ரவரி 10, செவ்வாய்

பாஸ்கர் அண்ணன் அழைத்தார். ஞாயிறு அரையிறுதி, ஜாலி ஃப்ரெண்ட்ஸும் போர்ட் லயன்ஸும். நான் நடுவர்.

"தேர்வுக்கு முன்னாடி ஒரு பெரிய மேட்ச் இருக்கட்டும்டா. அந்த ரெண்டு டீம்ல உனக்குச் சொந்தம் யாராவது உண்டா?"

வழக்கமாகக் கேட்பது.

"இல்லண்ணா" என்றேன். அணியில் சொந்தம் இல்லை. அவர் கேட்டதும் அணியைப் பற்றித்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

நிரோஷா: "வேணாம்னு சொல்லிடு தணிகை."

"ஏன்?"

"நான் கத்தணும். உன்ன வேற திட்டணும். கல்யாணத்துக்கு முன்னாடியே எல்லாத்தையும் திட்டித் தீத்துட்டா அப்புறம் என்னா பண்றது?"

நான் சிரிக்கவில்லை. "எட்வினுக்காகச் சொல்றியா?" என்றேன்.

"பதிமூணு வயசுல எங்கப்பா கைய புடிச்சுகினு போனப்ப எட்வின் அண்ணா முத மேட்ச் ஆடுனாரு. இன்னும் ரெண்டே மேட்ச்தான். முழுசாப் பாக்கணும், அவ்ளோதான்" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

அரையிறுதி. 3.45க்குத் தொடக்கம். கூட்டம் சுமார் தொள்ளாயிரம். வெயில் கடுமை.

12': ஜாலி ஃப்ரெண்ட்ஸ் கோல். எட்வின் கொடுத்த பந்து.

38': எட்வினுக்கு மஞ்சள் அட்டை. காரணம்: நடுவரின் முடிவை எதிர்த்தல். அவர் சொன்னது, "சார், கொஞ்சம் பாத்து." கையை உயர்த்தியிருந்தார்.

அதற்குப் பிறகு கூட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. மாலா அக்காவின் குரல் தனியாகக் கேட்டது. "யோவ் ஈ.பி.! மீட்டரு ஓடுதுய்யா, நீயும் ஓடு!" பிறகு, "வூட்டு ஃபியூஸப் புடுங்கறவன்தான, வெளக்கு எரிஞ்சா அவனுக்குப் பொறுக்காது!" எல்லோரும் சிரித்தார்கள். உதவி நடுவரும் சிரித்தார்.

71': பெனால்டிப் பகுதிக்குள் எட்வின் பந்தோடு திரும்பும்போது விழுந்தார். மிக அருகில் இருந்த தடுப்பாளர் இரண்டு அடி தள்ளி இருந்தார். மோதல் இல்லை. பெனால்டி பெறுவதற்காக விழுந்ததாக முடிவு செய்தேன். இரண்டாவது மஞ்சள் அட்டை, அதனால் சிவப்பு அட்டை.

அவர் உடனே எழவில்லை. போர்ட் லயன்ஸ் ஆட்டக்காரர்கள் சுற்றி நின்று, "நடிப்புடா, நடிப்பு" என்றார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. கையை ஊன்றி எழுந்து, வலிக்கவில்லை என்பதுபோல் நேராக நடந்து வெளியே போனார். பதினெட்டு ஆண்டுகளில் அவருக்கு இது முதல் சிவப்பு அட்டை என்று பிறகு சொன்னார்கள்.

பத்துப் பேரோடு ஜாலி ஃப்ரெண்ட்ஸ் தாக்குப்பிடித்தது. 1-0. இறுதிப்போட்டிக்குப் போகிறார்கள். சிவப்பு அட்டை வாங்கியவர் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது.

அட்டைக்குப் பிறகு நிரோஷா கத்தவில்லை. என்னைத் திட்டவும் இல்லை.

பிப்ரவரி 16, திங்கள்

அறிக்கையைக் கொடுத்தேன். "எட்டாம் எண் ஆட்டக்காரர் மோதல் ஏதுமின்றி, நடுவரை ஏமாற்றும் நோக்கத்தில் விழுந்தார். நடுவர் எட்டு அடி தூரத்திலிருந்து தெளிவாகப் பார்த்தார்." எழுத்துப் பிழை இல்லாமல் இருக்க இரண்டு முறை எழுதினேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கிளினிக்குக்கு எதிரே உள்ள டீக்கடை. மாலை ஐந்து மணி. அவளே வரச் சொன்னாள்.

"அவரு டைவ் அடிக்கிற ஆளு இல்ல" என்றாள். "பதினெட்டு வருஷமா பாக்குறேன். உதைச்சாக்கூட எழுந்து ஓடுற மனுஷன்."

"மோதலே இல்ல நிரோஷா. யாரும் தொடல."

"தொடாமயும் மனுஷன் விழுவான்."

"அப்ப ஆட வந்திருக்கக் கூடாது. அந்த முட்டிய வச்சுகினு அரையிறுதி ஆட வந்தது யார் தப்பு?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பக்கத்தில் வடைச்சட்டி இரைந்துகொண்டிருந்தது.

"எந்த முட்டி?" என்றாள்.

நான் வடைச்சட்டியைப் பார்த்தேன்.

"தணிகை. எந்த முட்டி?"

"வலது."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஜனவரி இருபது. ரீடிங் எடுக்க வந்தேன். நீ திரும்பிப் பாக்கல."

"தெரிஞ்சே குடுத்தியா?"

டீ மாஸ்டர் இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவள் அழவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "அவரு ஏன் உன்கிட்ட ஒரு வார்த்தை பேசலன்னு தெரியுமா? முட்டின்னு சொல்லியிருந்தா கார்டு வந்திருக்காது. சுத்தி லயன்ஸ்காரனுங்க நின்னானுங்க. அவனுங்க சொல்லி ஃபைனல்ல ஆடப்போற டீமுக்கும் தெரிஞ்சிடும். அதான் வாய மூடிகினு போனாரு. உனக்கு அதுவும் தெரிஞ்சிருக்கு."

கிளப் மனு கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை விசாரணை. நடுவரே தன் தவறு என்று ஒப்புக்கொண்டால் மட்டும் அட்டை ரத்தாகும். அங்கே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"எந்த உண்மைய? முட்டி போன மனுஷன்னு தெரிஞ்சும் குடுத்தேன்னா? நாலு கிளப்காரங்க உக்காந்திருப்பாங்க. நீ நல்லவனாவுறதுக்கு அவரு காலு ஒடையணுமா? அத மட்டும் செஞ்சிடாத." எழுந்தாள். "எட்டாம் தேதியப் பத்தி எங்க வீட்ல இன்னும் ஒண்ணும் சொல்லல. ஃபைனல் முடியட்டும்."

பிப்ரவரி 18, புதன்

87 மீட்டர் பார்த்தேன். இரண்டு வீட்டில் தப்பான எண்ணை எழுதி, திரும்பிப் போய்த் திருத்தினேன். இத்தனை ஆண்டு மின்வாரிய வேலையில் இது முதல் முறை.

15ஆம் தேதிப் பக்கத்தில் விட்டுப்போனதை எழுதுகிறேன்.

71ஆவது நிமிடத்தில் நான் அவர் வலது முழங்கால் உள்பக்கமாக மடங்குவதைப் பார்த்தேன். விழுவதற்கு முன்பே பார்த்தேன். விசிலை வாய்க்குக் கொண்டுபோனது ஆட்டத்தை நிறுத்தி மருத்துவ உதவியைக் கூப்பிடத்தான். அந்த நேரத்தில் மூன்றாவது படியிலிருந்து "எட்வின் அண்ணா!" என்று அவள் குரல் வந்தது. தொள்ளாயிரம் பேரில் அந்தக் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். திரும்பினேன். அவள் இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். விசில் ஊதினேன். கை சட்டைப் பைக்குப் போனது.

அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு அது போதவில்லை. அவளுக்கு அவரோடு வேறு எதுவும் இல்லை என்று எனக்கு எப்போதும் தெரியும். இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், கேட்டிருக்கலாம். என்னைப் பார்த்து ஒரு நாளும் வராத முகம் அவர் பந்தைத் தொட்டால் வருகிறது. அதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கையில் ஒரு அட்டை இருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் பாஸ்கர் அண்ணன். ஓரமாக நான்கு கிளப் பிரதிநிதிகள். எட்வின் பின்பெஞ்சில், முழுக்கால் சட்டையோடு, காலை நீட்டாமல் மடக்கியே உட்கார்ந்திருந்தார். அது எவ்வளவு வலிக்கும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

என் அறிக்கையைப் படித்தார்கள். உறுதி செய்கிறீர்களா என்றார்கள்.

"இல்லை. நான் அதைப் பார்க்கவில்லை" என்றேன்.

"எதை?"

"அவர் விழுந்ததை. அந்த நொடியில் நான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது அவர் தரையில் கிடந்தார். ஊகித்து அட்டை கொடுத்தேன்."

போர்ட் லயன்ஸ் பிரதிநிதி வாய்விட்டுச் சிரித்தார். பந்தைப் பார்க்காமல் அட்டை கொடுத்தேன் என்று எந்த நடுவரும் சொல்வதில்லை. தவறாகக் கணித்தேன் என்று சொல்லலாம், கோணம் சரியில்லை என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால், பின்னே அவர் ஏன் விழுந்தார் என்ற கேள்வி வரும். பார்க்கவில்லை என்று சொன்னால் அவன் நடுவரே இல்லை.

அட்டை ரத்து. எனக்கு ஒரு ஆண்டுத் தடை. தேர்வுப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம்.

வராந்தாவில் பாஸ்கர் அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "எட்டு அடில நின்னடா. லைன்ஸ்மேன் சொன்னான், நீ குனிஞ்சு அவன் காலையே பாத்தன்னு. அப்புறந்தான் திரும்புனியாம். எதுக்குடா இந்தப் பொய்?"

"பொய் இல்லண்ணா."

"இருபது வருஷத்துல எத்தன பேரு என்கிட்ட பொய் சொல்லியிருக்கானுங்க. எல்லாவனும் பார்த்தேன்னுதான் சொன்னான்" என்றார். கையை விட்டுவிட்டார்.

எட்வின் படியிறங்கும்போது என்னிடம் நின்றார். "தேங்க்ஸ் சார்" என்றார். அந்த இரண்டு சொல்லுக்குப் பதிலாக அவர் என்னை அறைந்திருக்கலாம்.

பிப்ரவரி 23, திங்கள்

அழைப்பு இல்லை. 104 மீட்டர்.

பிப்ரவரி 26, வியாழன்

நிச்சயத்துக்குச் சமையல்காரரிடம் சொல்லிவிட்டதாக அம்மா சொன்னார். எத்தனை பேர் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 1, ஞாயிறு

இறுதிப்போட்டி. ஜாலி ஃப்ரெண்ட்ஸும் ராயல் பாய்ஸும். நடுவராக இல்லாததால் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். மூன்றாவது படிக்குப் போனேன்.

மாலா அக்கா என்னைப் பார்த்ததும் கொண்டையை முடிந்துகொண்டார். "வாய்யா ஈ.பி. ஒனக்கு இன்னா தெகிரியம்! குந்து. மேட்ச் முடியற வரிக்கும் ஒன்னும் பண்ண மாட்டோம்" என்றார். பக்கத்துப் பையை எடுத்து இடம் கொடுத்தார். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் நிரோஷா. அவள் நகர்ந்து உட்காரவில்லை.

60ஆவது நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது எட்வினை இறக்கினார்கள். கூட்டம் முழுதும் எழுந்தது. ராயல் பாய்ஸ் ஆட்டக்காரர்கள் சாதாரணமாகத்தான் அவரைத் தடுத்தார்கள்; யாரும் அந்தக் காலைத் தேடிப் போகவில்லை. நிரோஷா மூச்சை விட்டாள். அவள் எத்தனை முறை மூச்சுவிட்டாள், எப்போது உதட்டைக் கடித்தாள், எப்போது மாலா அக்காவின் கையைப் பிடித்தாள் என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும்.

76ஆவது நிமிடத்தில் மைதானம் வெடித்தது. நிரோஷா குதித்தாள். மாலா அக்காவைக் கட்டிக்கொண்டாள், முன்படியில் இருந்த யாரோ ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டாள், திரும்பி என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "பாத்தியா? பாத்தியா தணிகை? அந்த பாஸ பாத்தியா?"

நான் இரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்த முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"இல்ல" என்றேன்.

"என்னா இல்ல? இங்கதான உக்காந்திருக்க?"

"உன்ன பாத்துகினு இருந்தேன்."

தோளில் இருந்த கை அப்படியே நின்றது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் கண்ணிலிருந்தும் போனது. சுற்றிலும் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்தாள்.

"நீ ஹியரிங்ல சொன்னத பாஸ்கர் சார் கிளினிக்குக்கு வந்து சொன்னாரு" என்றாள். "எதுக்கு அப்படிச் சொன்னன்னு எனக்குத் தெரியும். அதுக்காக உன்ன இங்க உக்கார வுட்டேன். ஆனா நீ இன்னும் என்னத்தான் நோட்டம் பாக்குற. இத்தன பேரு கத்துறாங்க, ஒரு கோலு போயிருக்கு, உனக்குத் தெரியல. நான் யாரப் பாத்துச் சிரிக்கிறேன்னு எண்ணிகினு இருக்குற ஆளோட நான் எப்படிக் குடும்பம் நடத்துறது?"

"நிரோஷா..."

"எட்டாம் தேதி வேணாம் தணிகை. வீட்ல நானே சொல்லிக்கிறேன், உன் பேரு கெடாது."

கீழே ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. எழுந்து போக வேண்டுமா என்று கேட்டேன்.

"உனக்குத்தான் ஒரு வருஷம் விசில் இல்லையே" என்றாள், மைதானத்தைப் பார்த்தபடியே. "வா. வாராவாரம் வா. இங்கயே உக்காரு. மேட்ச பாரு, என்ன பாக்காத. அடுத்த சீசன் முடியட்டும், அப்ப கேளு. அப்ப வேணாம்னும் சொல்லுவேன், சொல்லிட்டேன்."

"கேட்டுகிச்சாய்யா?" என்றார் மாலா அக்கா. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "பதினாலு நிமிசம் கீது. முன்னாடி பாரு."

இரண்டு முறை என் தலை தானாகத் திரும்பியது. இரண்டு முறையும் மாலா அக்கா கையை நீட்டி என் பின்தலையில் தட்டினார்.

88ஆவது நிமிடம். எட்வின் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் பந்தை வாங்கினார். இரண்டு பேர் அவரை நோக்கி ஓடினார்கள். அவர் ஓடவில்லை, வலது காலில் பாரத்தை வைக்காமல், இடது காலின் ஓரத்தால் பந்தை லேசாகத் தடவி, அவர்கள் இருவருக்கும் இடையே இருந்த ஒரு கதவகலச் சந்தில் விட்டார். அந்தப் பக்கம் யாரும் இல்லை. தப்பாக விட்டுவிட்டார் என்று நினைத்தேன். பந்து உருண்டுகொண்டே போனது. பிறகு இடது ஓரத்திலிருந்து ஜாலி ஃப்ரெண்ட்ஸின் சிவப்புச் சட்டை ஒன்று அந்த வெற்றிடத்துக்குள் ஓடிவந்தது. அது அங்கே வரும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அடித்தார்கள். கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல் இல்லை. ஆனாலும் நான் எழுந்து நின்றிருந்தேன்.

அப்போது நிரோஷா என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது.